குண்டூசியின் பெயரில் ஒரு வயிற்றுவலி

1

இந்தக் கதை எனக்குத் தொலைபேசியில் கிடைத்தது. வெளிநாட்டில் படிக்கும் அண்ணன் மகள் பேச்சுவாக்கில் சொன்னாள்: "இங்க உடம்புக்கு வந்தா முதல்ல இன்சூரன்ஸ் கார்டைத் தேடுவோம் சித்தப்பா. அப்புறம்தான் மாத்திரையை." அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் வரி இப்படி எழுதினேன்: 'வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சுருண்டு...' வேண்டாம். வலியில் தொடங்கினால் நீங்கள் இரக்கப்பட்டுவிடுவீர்கள், யோசிக்க மாட்டீர்கள்.

இன்னொன்று: 'அயல்நாட்டு மாணவர்களுக்கான மருத்துவக் காப்பீடு என்பது...' இது சுற்றறிக்கை.

நேராகவே சொல்கிறேன்.

2

என் கதையில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பெண்ணை வீட்டில் சின்னவள் என்பார்கள். பல்கலைக்கழகம் தரும் காப்பீட்டை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு, ஊரிலேயே மலிவாக ஒன்றை எடுத்துப் போனவள். [அப்பாவின் யோசனை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மகள் நோயில் விழுவாள் என்று எந்த அப்பா நினைப்பார்?] அந்தப் பாலிசி நடைமுறைக்கு வருமுன்பே அடிவயிற்றின் வலப்பக்கம் குத்தத் தொடங்கிவிட்டது.

அறைத்தோழியின் பட்டப்பெயர் குண்டூசி. ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும்.

"கிளம்புடி."

"பில்லு வந்தா அப்பா வீட்டை வித்துடுவாரு."

"நீ போய்ச் சேர்ந்துட்டா வீட்டை வெச்சு என்னடி பண்ணுவாரு? இந்தா, என் கார்டு. இதுல போட்டோ கிடையாது. அடையாள அட்டையை அவசரத்துல மறந்துட்டேன்னு சொல்லு. என் பேரையும் பிறந்த தேதியையும் மனப்பாடம் பண்ணிக்கோ."

"பொய் சொல்லவா?"

"பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணதெல்லாம் உண்மைன்னா பண்ணே?"

இங்கே பேனாவைக் கீழே வைத்தேன். சின்னச் சின்ன அன்பில்தான் கடவுள் நடமாடுகிறார் என்று நம்புகிறவன் நான். கார்டை நீட்டிய அந்தக் கையும் அப்படிப்பட்டதுதான். ஆனால் பிடிபட்டால் இரண்டு பேர் படிப்பும் போய்விடும். குண்டூசியைக் கெட்டவளாக்கி எழுதிப் பார்த்தேன். எனக்கு வேலை சுலபமாயிற்று. கதைக்கு உயிர் போயிற்று. திரும்ப நல்லவளாக்கினேன்.

3

மருத்துவமனையில் ஒரு வழக்கம் உண்டு. மருந்து ஏற்றும் ஒவ்வொரு முறையும் பெயரையும் பிறந்த தேதியையும் நோயாளி வாயாலேயே சொல்ல வைப்பார்கள். ஆள் மாறிவிடக் கூடாதே என்ற அக்கறை.*

முகப்பில் கேட்டார்கள், சொன்னாள். ரத்தம் எடுத்தவர் கேட்டார். தேதியில் தடுமாறி, வலியின் மேல் பழி போட்டாள். குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே அறுவை சிகிச்சை என்றார் மருத்துவர். திரையைப் பார்த்தபடியே கேட்டார்: "பழைய பதிவுல அலர்ஜி எதுவும் இல்லைன்னு இருக்கு. சரிதானே?"

தலையாட்டினாள். அவர் போன பிறகுதான் உறைத்தது. அது குண்டூசியின் பதிவு. சின்னவளுக்குப் பென்சிலின் ஆகாது. சிறுவயதில் ஒரு ஊசிக்கே முகம் வீங்கி மூச்சு அடைத்திருக்கிறது.

நர்ஸ் மருந்துப் பையோடு வந்தார். அதைத் தொங்கவிட்டுக் குழாயை மாட்டினார். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவள் பாதங்களை மூடிவிட்டார்.

"என்ன மருந்து இது?"

"பென்சிலின் வகைதாம்மா. உன் பேரு, பிறந்த தேதி சொல்லு. ஏத்திடலாம்."

* பொய் சொல்ல வந்தவளுக்கோ, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லவேண்டிய தண்டனை.

4

முடிவு ஒன்று: நர்ஸே சந்தேகப்பட்டு... [அடித்துவிட்டேன். இவள் சுமக்கவேண்டியதை அவர் தலையில் கட்டுகிறேன்.]

முடிவு இரண்டு: "எனக்கு அது ஒத்துக்காது" என்று மட்டும் சொல்கிறாள். மருந்து மாறுகிறது, பிழைக்கிறாள். எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் குடல்வாலை எடுத்த செய்தி குண்டூசியின் பதிவில் ஏறும். நாளைக்கு அவளுக்கே இதே வலி வந்தால், "உனக்குத்தான் குடல்வாலே இல்லையே" என்பார்கள். உதவியவளுக்கு இதுவா கைம்மாறு?

முடிவு மூன்று: எல்லா உண்மையையும் சொல்கிறாள். வெளியே நாற்காலி நுனியில் குண்டூசி உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் காவலர்கள் இரண்டு பேர் போய்...

எழுதக் கை வரவில்லை. அறையைவிட்டு நான் எழுந்து போகிறேன். கட்டிலில் இப்போது நீங்கள் படுத்திருக்கிறீர்கள். குழாயின் கிளிப் இன்னும் மூடியே இருக்கிறது. நர்ஸ் உங்கள் முகத்தருகே குனிகிறார்.

"அவசரம் இல்லைம்மா, மெதுவா சொல்லு. உன் பேரு என்ன?"