குணசேகரனின் நம்பர்

"இன்னும் அந்த நம்பருக்குத்தான் ஓடிபி போவுதுக்கா," என்றாள் இசைவாணி. பாபநாசத்தில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் அவள்.

விஜயலட்சுமியின் கணவர் குணசேகரன் போய் ஏழு மாதம். கருமாதி முடிந்த கையோடு அவர் செல் நம்பரை மூடியாகிவிட்டது. போன மாதம் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் இவள் நம்பரைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டு, "குணசேகரன் சார் இருக்காருங்களா? பாலிசி புதுப்பிக்கணும்" என்று தேனொழுகக் கேட்டாள். செத்த மனுஷனை இருக்கிறாரா என்றதும் இவளுக்கு வந்ததே ஆத்திரம். "அவரே இல்ல, அவருக்கு எதுக்கு பாலிசி? நிறுத்துங்க" என்றுவிட்டாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பெண்களுக்கும் சேர்த்துத்தான். அதே பாலிசியில்தான் அவள் பெயரும் இருந்தது. மார்பில் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவள்; இருபத்தொரு நாளுக்கு ஒரு ஊசி. புது பாலிசி எடுத்தால் பழைய வியாதிக்கு மூன்று வருஷம் ஒன்றும் கிடைக்காது. அதுவரை உடம்பு காத்திருக்குமா?

பழையதை மறுபடி ஓடவைக்க இன்று சாயங்காலம்வரைதான் கெடு. அதில் பதிந்திருப்பதோ குணசேகரனின் நம்பர்; அதை மாற்றப் பத்து நாளாகுமாம்.

"அந்த நம்பர் இப்ப வேற யாருகிட்டயாவது இருக்கும். கேட்டுத்தான் பாருங்களேன்."

அழைத்தாள். எடுத்துவிடுவார்களே என்று பயமாக இருந்தது. எடுத்தது ஒரு இளம் குரல். சீர்காழியில் கடை வைத்திருக்கும் ஜாஹித்தாம். விவரம் முழுக்கக் கேட்டுவிட்டு, "ஓடிபி யாருக்கும் சொல்லக்கூடாதும்பாங்களேம்மா" என்றான்.

"அது வந்தாத்தான் தம்பி எனக்கு மருந்து."

அவன் தயங்கிக் கேட்டான். "தெனம் ஒரு மணிக்கு ரெண்டு ரிங் விட்டு வெச்சிடுவாங்களே, அது நீங்கதானா?"

விஜயலட்சுமிக்கு உடம்பெல்லாம் கூசியது. குணசேகரன் வயலில் இருக்கும்போது சோறு வடித்ததும் இரண்டு ரிங் விடுவாள். அவர் எடுக்கமாட்டார், சாப்பிட வந்துவிடுவார். அவர் போன பிறகும் கை நிற்கவில்லை. முதலில் உபயோகத்தில் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த நம்பர் ஒருநாள் ரிங் போனது. அந்தப் பக்கம் யார் என்று யோசிக்க அவள் மறுத்துவிட்டாள்.

"நாந்தான்," என்றாள்.

அவன் தன் போனுக்கு வந்த ஓடிபியின் ஆறு எண்களையும் நிதானமாகச் சொன்னான். இசைவாணி தட்டினாள். "பாலிசி மறுபடி ஓட ஆரம்பிச்சிடுச்சுக்கா."

ஜாஹித் இன்னும் லைனில் இருந்தான். "மொதல்ல திருப்பிக் கூப்பிடலாமான்னு பாத்தேன். அப்புறம் பழகிடுச்சும்மா. அந்த ரிங் வந்தாத்தான் நானும் கடைய சாத்திட்டு சாப்பிடப் போறது."

மறுநாள் சோற்றை வடித்து நிமிர்ந்தபோது மணி ஒன்று பத்து. அடுப்பு மேடையில் போன் கிடந்தது. இனி அந்தப் பக்கம் குணசேகரன் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. எடுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. சீர்காழியில் ஒருவன் பசியோடு, கடையைச் சாத்தாமல் உட்கார்ந்திருப்பான்.