வலது பக்கம் திரும்பினால்

மேற்கு மாம்பலத்தில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில், தகரக் கொட்டகை ஒன்றில் தேசப்பன் கார் ரிப்பேர் செய்துவந்தான். அன்று காலை தி.நகர் பாத்திரக் கடை வைரவன் தன் பியட் காரைக் கொண்டுவந்தார். கூடவே அவர் மனைவி தங்கமும் வந்திருந்தாள்.

"வலது பக்கம் திருப்பும்போதெல்லாம் என் கால்மாட்டுல கடக்குன்னு ஒரு சத்தம் கேக்கு. இவுகளுக்கு மட்டும் கேக்கவே மாட்டேங்கு," என்றாள் அவள்.

"இவளுக்கு எதைக் கண்டாலும் பயம்," என்றார் வைரவன். "சாயங்காலம் திருவான்மியூர் கோயிலுக்குப் போணும். என்னன்னு பாத்து விடுப்பா."

தேசப்பன் ஜாக்கி போட்டு இடது முன்சக்கரத்தைத் தூக்கினான். மேலும் கீழும் பிடித்து ஆட்டியதும் 'கடக்'. சக்கரத்தைக் கீழே தாங்கும் ஆர்ம் என்ற இரும்புக் கையோடு சேர்க்கும் கட்டைக் கம்பி தேய்ந்துபோயிருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டு நட்டை இறுக்கினான். அந்த நேரம் பார்த்துச் சந்து முனையில் ஒரு டாக்ஸி நின்றுவிட, பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தன. எழுந்து போய் டாக்ஸியைத் தள்ளிவிட்டான். திரும்பி வந்து சக்கரத்தை மாட்டினான். அசோக் நகர் பக்கம் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தபோது சத்தமே இல்லை. தங்கம் அப்போதுதான் சிரித்தாள். இருவரும் காரில் கிளம்பினார்கள்.

மத்தியானம் கழித்துச் சாமான்களை ஒதுக்கும்போது தரையில் கிடந்த அழுக்குத் துணியை உதறினான். சின்னதாக ஏதோ விழுந்து உருண்டது. ஸ்ப்ளிட் பின். கால்கள் வளையாமல், புதுசாகப் பளபளத்தது.

நட்டு கழன்றுவிடாமல் பூட்டி வைப்பது அந்தத் துண்டுக் கம்பிதான். அது இல்லாவிட்டால் ஓட ஓட நட்டு தளரும். ஏதாவது ஒரு திருப்பத்தில் உதிர்ந்துபோகும். அப்புறம் சக்கரம் மடங்கி வண்டிக்கு அடியில் போய்விடும்.

பின்னைச் சட்டைப் பையில் போட்டான். கையில் அகப்பட்ட ஸ்பேனரையும் குறட்டையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான். ரயில் பாதைக்கு அடியிலுள்ள சப்வேயில் இறங்கி ஏறி, தி.நகரில் வைரவன் வீட்டுக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது.

"இப்பத்தான் புள்ளைங்கள ஏத்திக்கினு கெளம்புனாங்கோ," என்றாள் எதிரே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள்.

பிள்ளைகளுமா? சைக்கிளை அங்கேயே சாய்த்துவிட்டு ஓடிப்போய் ஓர் ஆட்டோவை மறித்தான். "திருவான்மியூர் போற வழி, அடையாறு பாலம். சீக்கிரம் போ நைனா."

"இன்னாபா, ஆஸ்பத்திரி கேஸா?"

"ஆவக்கூடாதுன்னுதான் போறேன்."

நந்தனம் சிக்னலில் கூட்டம் கூடியிருந்தது. தேசப்பன் ஆட்டோவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி எட்டிப் பார்த்தான். மாட்டு வண்டியிலிருந்து சரிந்த தர்பூசணிகளை நாலு பேர் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். சேமியர்ஸ் ரோடு நெடுக ஓரத்துப் பள்ளங்களைப் பார்த்துக்கொண்டே போனான். அங்கம்மா, அங்கம்மா என்று குலசாமியைக் கூப்பிட்டான்.

கிரீன்வேஸ் ரோடு முடிந்து பாலத்துக்கு வலது பக்கம் திரும்பும் இடத்தில், ஓரமாக பியட் நின்றிருந்தது. முழுசாக நின்றிருந்தது. தங்கம் இரண்டு பிள்ளைகளின் மணிக்கட்டையும் இறுகப் பிடித்தபடி மண்ணில் இறங்கி நின்றாள்.

"மறுபடியும் கேட்டுச்சுன்னு சொல்லுதேன்லா. புள்ளைகள ஏத்த மாட்டேன்."

"இப்பதான செஞ்சுட்டு வந்தோம்? ரோட்டுல வச்சு மானத்த வாங்குதா!" வைரவன் கார்க் கதவை அறைந்து சாத்தினார். "நீ இங்கயே நில்லு. நான் போறேன்." இஞ்சின் உறுமியது. முன்சக்கரங்கள் வலது பக்கம் திரும்பின.

தேசப்பன் ஆட்டோ நிற்குமுன்பே குதித்து, ஓடிப்போய் இரண்டு கையையும் பானட்டில் ஊன்றினான். "சார்! வண்டிய அசைக்காதீங்க சார்!"

வேறெதுவும் சொல்லாமல் மண்ணில் மல்லாந்து அடியில் நுழைந்தான். நட்டு கடைசிப் புரியில் தொங்கிக்கொண்டிருந்தது. விரல் பட்டதும் சுழன்றது. வெளியே வந்தபோது 'கொஞ்சம் லூஸ், அவ்ளோதான்' என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சின்னவள் பட்டுப்பாவாடையில் மண் ஒட்ட, அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பின்னு மாட்டாம வுட்டுட்டேன் சார். தப்பு என்னுதுதான்."

வைரவன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "பாலத்து மேல வச்சுக் கழண்டிருந்தா?" என்று கேட்டார்.

டிக்கியிலிருந்த ஜாக்கியை எடுத்துச் சக்கரத்தைக் கழற்றினான் தேசப்பன். நட்டை இறுக்கி, பின்னைச் செருகி, குறட்டால் அதன் கால்களை இரண்டு பக்கமும் வளைத்தான். வைரவன் குனிந்து, வளைந்த கம்பியைத் தானே தொட்டுப் பார்த்தார்.

"நீயே ஓட்டு. நான் பக்கத்துல உக்காருதேன்."

வெறிச்சோடிய கிரீன்வேஸ் ரோட்டில் வலது பக்கமாகவே திருப்பித் திருப்பி ஓட்டினார்கள். சத்தம் இல்லை. வைரவன் மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார்.

"சரியாப் போச்சுன்னு தெரியுது," என்றாள் தங்கம். "ஆனா இன்னைக்கு நான் ஏற மாட்டேன்."

பஸ் வந்ததும் சின்னவளோடு தங்கம் ஏறினாள். பெரியவனைத் தூக்கிக்கொண்டு வைரவனும் ஏறினார். படியில் நின்றபடியே தேசப்பன் கையிலிருந்த சாவியைக் காட்டி, "வீட்டுல விட்டுரு," என்றார்.

தேசப்பன் தனியாக ஓட்டிக்கொண்டு போனான். பனகல் பார்க் திருப்பத்தில் அவன் ஊர்ந்த ஊர்தலுக்குப் பின்னால் வந்தவர்கள் வாயில் வந்தபடி திட்டினார்கள். வீட்டு வாசலில் நிறுத்தியதும் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினான். ஸ்ப்ளிட் பின் இருந்தது. எழுந்தவன் மறுபடியும் குனிந்து தடவினான். இஸ்திரிக்காரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தான். ஏறவில்லை. தள்ளிக்கொண்டே சப்வேக்குள் இறங்கினான்.