கை இருக்கட்டும்

மாலை போட ஒரு நல்ல படம் வேண்டும் என்று என் கணவர் குகன் பிடிவாதம் பிடித்தார். அவருக்கே போட வேண்டிய மாலை. கணையத்தில் புற்று, இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிய மறுநாளே ஆரம்பித்துவிட்டார்.

"அப்பாவுக்கு ஐசி அடையாள கார்டு படத்தப் பெருசாக்கி மாட்டினோம். போலீஸ் தேடுற ஆளு மாதிரி இருக்காரு. எனக்கு அப்படி வேணாம்லா, பிரமிளா. நீ ஒண்ணு எடு."

"என் கையால எடுக்க மாட்டேன்."

பெண்டாட்டியிடம் கேட்கிற காரியமா இது? அந்தப் பட்டனை அமுக்கினால் நானே வழியனுப்பி வைத்த மாதிரி.

அவர் விடவில்லை. பழைய டிஜிட்டல் கேமராவைத் தேடி எடுத்து, மேசையில் பிஸ்கட் டின் மேல் நிறுத்தி, செல்ஃப் டைமரைப் போட்டார். ஜார்ஜ்டவுனில் எத்தனையோ கல்யாண வீடுகளில் இதே கேமராவை வைத்துவிட்டு ஓடிவந்து எங்களோடு நின்றுகொண்ட மனுஷன். இப்போது சுவரைப் பிடித்துப் பிடித்து நாற்காலிக்குப் போய்ச் சேர்வதற்குள் படம் விழுந்துவிட்டது. ஒன்றில் வெறும் நாற்காலி. ஒன்றில் அவர் முதுகு. இன்னொன்றில் நாற்காலியைத் தேடும் விரல்கள். கடைசியில் பாதி வழியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. உயிரோடு இருப்பவர் கூட நிற்கும் படத்துக்கு எங்கள் வீடுகளில் மாலை போட மாட்டார்கள். அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். சட்டை மாற்றித் தலை சீவிவிட்டேன். டைமரை நானே அமுக்கிவிட்டு ஓடிப்போய், அவர் தோளில் கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

சிவப்பு விளக்கு மின்னியது.

"கூட நின்னு மாலைய தடுக்கப் பாக்குற. கள்ளி," என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு படம் விழுந்தது.

கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவுக்கே டிமிக்கி கொடுத்துவிட்ட மிதப்பு எனக்கு. அது ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் கொழுந்தன் தயாளன் கேமராவைக் கேட்டார். அன்று எடுத்ததில் அண்ணன் முகம் தெரிந்தது அந்த ஒரு படத்தில்தான். சூலியா தெரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனவர், திரும்பி வந்து போனைக் காட்டினார்.

"உங்கள வெட்டிட்டாங்க அண்ணி. கைதான் தோள்ல நிக்குது. அதையும் கம்ப்யூட்டர்ல அழிச்சிரலாங்கிறாரு."

ஸ்டூடியோவில் போட்ட நீலத் திரைக்கு முன்னால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தோளில் மணிக்கட்டுவரை ஒரு கை, வளையலோடு. மற்றபடி என்னைக் காணவில்லை.

"கை இருக்கட்டும்."

"உயிரோட இருக்கிறவங்க கை, அண்ணி. ஆகாது."

"இனிமே எனக்கு என்ன ஆகணும்? இருக்கட்டும்."

கருமாதியன்று காலையில் என் வளையல்களைக் கழற்றினார்கள். பிறகு பெரிய படத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். மாலையை நான்தான் போடுவேன் என்று வாங்கிக்கொண்டேன். அது அவர் தோளில் விழுந்து, அந்தக் கையின் மேலும் கிடந்தது.

தயாளன் அதை நகர்த்தப் போனார். வேண்டாம் என்றேன்.