மூன்றாவது பொத்தான்

ராஜகுரு என்ற பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் 'ஒருவேளை' என்றிருந்தது. பிருந்தா போனைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்துப் பார்த்தாள். மாறவில்லை.

ராஜகுரு அவளுடைய ஒரே அண்ணன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை திருச்சுழிப் பக்கம் குலசாமி கோயிலில் அவள் மகள் மகிழினிக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன்தான், வந்தாலும் வருவேன், வராமலும் போவேன் என்று பதில் போட்டிருந்தார். அதுவும் இருநூற்றுப் பதினான்கு பேர் பார்க்கிற பட்டியலில்.

எல்லாம் அவள் கணவன் ஹரி செய்த வேலை. அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தான். நல்லவன். ஆனால் புதிதாக ஒரு செயலி வந்திருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்குத் தூங்கமாட்டான். போன வருடம் குடும்பம் முழுவதையும் குரலில் மட்டும் பேசுகிற ஒன்றில் சேர்த்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் ஒரே நாளில் படங்கள் மறைந்துபோகிற ஒன்று வந்தது. மகிழினி முதன்முதலில் எழுந்து நின்ற படம் அதில்தான் போனது. ஒவ்வொன்றுக்கும் புது ஓடிபி, புதுக் கடவுச்சொல். பிருந்தாவுக்குக் கை பழகுகிற நேரத்தில், அது பழசாகிவிட்டது, இனி யாரும் அதில் இல்லை என்பான்.

இப்போது வந்திருப்பது 'கூடுவோம்'. விழாவுக்கு அழைக்கலாம், எத்தனை பேர் வருகிறார்கள் என்று அதுவே எண்ணிச் சொல்லும் என்றான். தொடர்புகளைப் பார்க்கலாமா என்று அது கேட்டதற்குச் சரி என்று அமுக்கினான். மறு நொடியே அவன் போனிலிருந்த அத்தனை பேருக்கும் அழைப்புப் போய்விட்டது. கேஸ் சிலிண்டர் போடுகிறவரையும், பழைய வீட்டு ஓனரையும்கூட அது விடவில்லை. அச்சடித்த பத்திரிகையோ பிரஸ்ஸிலிருந்தே வரவில்லை. குலசாமிக்கு வைத்த கையோடு, முதல் பத்திரிகையை வெற்றிலை பாக்குத் தட்டுடன் மல்லாங்கிணறுக்குக் கொண்டுபோய் அண்ணனிடம் கொடுப்பதாக இருந்தார்கள்.

அண்ணனுக்குக் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்ததுதான். ஆனால் கோபத்தை இப்படி ஊருக்கே தெரிகிற மாதிரி காட்டுவார் என்று நினைக்கவில்லை.

மதுரையிலிருந்து நாத்தனார் அமுதவள்ளி போன் செய்தாள். சேலை, பூ என்று எதையெதையோ பேசிவிட்டுக் கடைசியில் மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்கு உங்கண்ணனுக்கு வேற சோலி இருக்கோ மதினி?"

சாயங்காலத்துக்குள் 'வருகிறேன்' என்று போட்டிருந்த பதினோரு பேர் 'ஒருவேளை'க்கு மாறினார்கள். தாய்மாமனே உறுதியில்லை என்றால் விழாவே தள்ளிப்போகலாம் என்று பேச்சு. சித்தப்பா சின்னச்சாமி, அண்ணனின் பதிலுக்குக் கீழே ஒரு இதயம் போட்டிருந்தார். அவர் சாவுச் செய்திக்கும் இதயம் போடுகிறவர்தான். ஆனாலும் பிருந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இது வெறும் பொத்தான்தானே, ஃப்ரீயா விடு என்றான் ஹரி. அவனுடைய தங்கை கல்யாணத்துக்கு அவன் இப்படி ஒரு பொத்தானை அமுக்கியிருந்தால் அவன் வீட்டில் விட்டிருப்பார்களா என்று கேட்டாள்.

அந்த ஆத்திரத்திலேயே அண்ணனுக்குக் குரல் செய்தி அனுப்பினாள்.

"வர இஷ்டமில்லைன்னா எங்கிட்ட நேராச் சொல்லுண்ணே. ஊரு பாக்கப் போட்டு என்னைய எதுக்கு அசிங்கப்படுத்துற?"

அனுப்பிய ஐந்து நிமிடத்தில் 'கேட்கப்பட்டது' என்று வந்தது. பதில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நேராக ஒரு போன் போட்டால் முடிந்துவிடும். அதற்கு ரோஷம் விடவில்லை.

சனிக்கிழமை பத்திரிகைக் கட்டு வந்தது. குலசாமிக்கு ஒன்றை வைத்துவிட்டு, ஞாயிறு காலை மூவரும் பைக்கில் மல்லாங்கிணறுக்குப் போனார்கள். வழியெல்லாம் கருவேலமும் வெயிலும்.

அண்ணனுக்கு இரும்புக் கடை, மாடியில் வீடு. அண்ணி ஜெகதீஸ்வரி தண்ணீர் கொடுத்தாள். வழக்கமாக நிற்காத அவள் பேச்சு அன்று இரண்டு வார்த்தையோடு நின்றது. ராஜகுரு தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஹரியிடம் மில்லைப் பற்றி விசாரித்தார். தங்கையை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஏண்ணே அப்படிப் போட்ட?"

"எப்படி?"

"ஒருவேளைன்னு."

"ஆமா போட்டேன். உனக்குச் செலவு மிச்சமாகட்டும்னுதான போட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. ராஜகுரு விரல்விட்டுச் சொன்னார்.

"வாரேன்னு ஒண்ணு இருந்துச்சு. தாய்மாமன் வாரத வாயால வேற சொல்லணுமா? வரலைன்னு ஒண்ணு. அதுல கை வைப்பனா? மூணாவதா ஒரு வேளைன்னு இருந்துச்சு. நம்ம ஆளுக இருபது பேரு. காலப் பலகாரத்த இங்கயே முடிச்சிட்டு வந்துருவோம், மத்தியானம் ஒரு வேளை சாப்பாடு போதும்னு அமுக்குனேன். அதுக்குப் போயி அசிங்கப்படுத்துறேங்கிற."

ஹரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான்.

அந்தக் குரல் செய்தியை அவர் நாலு தரம் போட்டுக் கேட்டதாக ஜெகதீஸ்வரி அடுப்படியிலிருந்தே சொன்னாள்.

"எனக்கு அப்படித் தோணலைண்ணே" என்றாள் பிருந்தா.

"தோணாட்டிப் போகுது. ஒரு போனு போட்டுக் கேக்க மாட்டியா? முப்பது வருசமா உனக்கு அண்ணனா இருக்கேன். அந்தப் பொத்தானு சொன்னத நம்புன."

ஹரி போனை எடுத்து அந்தப் பதிலை மாற்றப் பார்த்தான். விழாவுக்கு ஒரு வாரமே இருப்பதால் பதில்கள் பூட்டப்பட்டுவிட்டன என்றது. திறக்க வேண்டுமென்றால் மாதச் சந்தா கட்டச் சொன்னது. கல்யாணமான இந்த ஐந்து வருடத்தில் ஒரு செயலியின் மேல் அவன் கோபப்பட்டு அன்றைக்குத்தான் பிருந்தா பார்த்தாள். இந்தச் சனியனே வேண்டாம் என்று விழாவை அதிலிருந்து நீக்கிவிட்டான்.

நாலு போனும் ஒன்றாகச் சத்தமிட்டன.

'மகிழினியின் காதுகுத்து விழா ரத்து செய்யப்பட்டது. வருந்துகிறோம்.'

இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் போயிருந்தது. முதலில் அமுதவள்ளி கூப்பிட்டாள். அவளிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே சின்னச்சாமி. குழந்தைக்கு என்ன ஆச்சு என்று அழாத குறையாகக் கேட்டார். அதற்குள் ஹரியின் போனும் அலறத் தொடங்கியது. அமுதவள்ளிக்கு நடந்ததை விளக்கினால் சித்தப்பா காத்திருக்கிறார். அவருக்குச் சொல்லி முடித்தால் இன்னும் நாலு பேர். பிருந்தாவுக்குப் போனைத் தூக்கி எறிந்துவிடலாம்போல இருந்தது.

ராஜகுரு எழுந்து வந்து அதை அவள் கையிலிருந்து வாங்கினார்.

"நான் ராஜகுரு பேசுறேன், பிள்ளைக்குத் தாய்மாமன். ஒண்ணும் நிக்கலை. வார ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு என் மடியில வச்சுத்தான் காதுகுத்து. குடும்பத்தோட வந்துருங்க."

அடுத்த அழைப்புக்கும் அதையே சொன்னார். பிறகு, கூப்பிடாதவர்களை நாமே கூப்பிட வேண்டும் என்றார். கீழே போய்க் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, ஹரியை எண்களை வாசிக்கச் சொல்லி உட்கார்ந்தார். இருபதாவது ஆளுக்குள் குரல் கம்மிவிட்டது. ஜெகதீஸ்வரி வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

பிருந்தா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது..."

ராஜகுரு போனைக் காதில் வைத்தபடியே அவள் தலையில் கையை வைத்தார்.

"பொறு. ரிங்கு போகுது."