ஒரு மணி வரை

சாவைத் தள்ளிப்போட மன்னாதி மன்னர்களாலும் முடிந்ததில்லை. அது வரும் நாளையும் நாழிகையையும் ஆண்டவர் ஒருவரே அறிவார். பாலக்கரையில், தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க் கிளமென்டின் சாவை அவர் மனைவி லூர்துராணி மூன்றரை மணி நேரம் தள்ளிப்போட்டாள். 1962ஆம் வருஷம் மார்ச் மாதம், எஸ்.எஸ்.எல்.சி.யின் கடைசிப் பரீட்சையான கணக்கு நடந்த அன்று.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மடித்துப் பைக்குள் வைத்து, "போயாச்சும்மா" என்றதும் லூர்துராணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது முப்பது. மகள் செல்வமேரி வீட்டைவிட்டுப் போய் அரை மணி ஆகிறது. பத்து மணிக்குக் கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். பன்னிரண்டரைக்கு விடைத்தாளைப் பிடுங்குவார்கள்.

அவள் கணவரின் கண்களை மூடினாள். அவரே இஸ்திரி போட்டு வைத்திருந்த கைக்குட்டையை எடுத்துத் தாடையைக் கட்டினாள். பிறகு போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

டாக்டரைக் கூட்டிவந்தவர் அடுத்த வீட்டு முகம்மது கனி. குடை ரிப்பேர்க் கடை வைத்திருப்பவர். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார்.

"கனி அண்ணே, இப்ப யாருகிட்டயும் சொல்லாதீங்க. புள்ள பரீட்சை ஹால்ல இருக்கு."

"சொந்தக்காரங்களுக்குக்கூடவா தங்கச்சி?"

"மன்னார்புரத்துல பெரிய அத்தானுக்கும் காட்டூர்ல ரோசரிக்கும் மட்டும் சொல்லிடுங்க. வரப்ப அழுதுகிட்டு வர வேணாம்னும் சொல்லுங்க."

கனி சைக்கிள் சாவியைத் தேடினார். "நான் சொல்லிடுவேன். அவங்க கேக்கணுமே."

அவள் பயம் தெருவைப் பற்றியதுகூட இல்லை. கோயில் மணியைப் பற்றியது. கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களில் யார் செத்தாலும் துக்க மணி அடிப்பார்கள். ஒற்றை ஒற்றையாக, ஒரு அடி ஓய்ந்து அடங்கிய பிறகு அடுத்த அடி. பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடமோ கோயில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருந்தது. மணி விழுந்தால் கேட்கிறவர்கள் எல்லாரும், யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று ஒரு எண்ணு எண்ணிப் பார்ப்பார்கள். செல்வமேரியும் எண்ணுவாள். பரீட்சை ஆரம்பித்த நாளிலிருந்து குடையும் தண்ணீர்க் கூஜாவுமாகப் பள்ளிக்கூட வாசல்வரை பின்னாலேயே நடந்த அப்பா, இன்று நெஞ்சில் வாயு என்று நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். தெருமுனை திரும்புவதற்குள் அவள் மூன்று தரம் திரும்பிப் பார்த்திருந்தாள்.

கிளமென்ட் பெற்ற மகளைப் படிக்கவைத்தார் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். அவர் அந்தப் படிப்பை நிர்வாகம் செய்தார். பி.யு.சி., பி.ஏ., அதற்குப் பிறகு கலெக்டர் என்று மகளுக்கு ஒரு பதவி உயர்வுப் பட்டியல் போட்டிருந்தார். விடியற்காலை எழுந்து அவளுக்கு எதிரே உட்காருவார். பைதாகரஸ் தேற்றத்தை அவரைப்போல் கணீரென்று சொல்ல அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. நிரூபணம் வரும் இடத்தில் காபி கேட்பார். ஜனவரி மாதம் ஒரு முழுத்தாளில் எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டியது இது:

"சுற்றறிக்கை எண் 4. பொருள்: குமாரி செல்வமேரியின் பரீட்சை. (அ) ரேடியோப் பெட்டிக்கு உறை போட்டு வைக்கப்படும். (ஆ) அம்மி, ஆட்டுக்கல் வேலைகள் அண்டை வீட்டார் சம்மதத்துடன் அங்கே செய்யப்படும். (இ) பரீட்சை முடியும்வரை வீட்டார் எவரும், வீட்டுக்கு வரும் எவரும் உரத்துப் பேசவோ, சிரிக்கவோ, பாடவோ, அழவோ கூடாது."

அழுகிறவர் யாரும் அந்த வீட்டில் இல்லை. கோப்பு பூரணமாக இருக்கட்டும் என்று அதையும் சேர்த்திருந்தார்.

லூர்துராணிக்கு இருந்த திட்டம் சிறியது. எஸ்.எஸ்.எல்.சி. தேறினால் டீச்சர் டிரெயினிங். இரண்டு வருஷம். அப்புறம் எங்காவது ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு நாற்காலி. கலெக்டரின் தகப்பனாரிடம் இதை அவள் சொன்னதில்லை. இப்போது சட்டை மாற்றுவதற்காக அவர் பொத்தான்களைக் கழற்றும்போது, சட்டைப் பையில் மை நிரப்பிய பேனா ஒன்று இருந்தது. ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று என்று தினமும் அவர் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போவது. மகள் கையிலிருக்கும் பேனா ஒழுங்காக எழுதுகிறதோ என்னவோ என்று லூர்துராணிக்குப் பதைத்தது. இறந்தவருக்காக அவள் பதைத்தாளா என்று அந்த நேரத்தில் அவளையே கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

பத்தரைக்குப் பெரிய அத்தான் வந்தார். கிளமென்டின் அண்ணன் சகாயநாதன், பங்கின் நன்மரண சபைக்குத் தலைவர். சாகக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் இருந்து ஜெபம் சொல்லி நல்ல மரணம் அடையச் செய்வது சபையின் வேலை. பன்னிரண்டு வருஷத் தலைமையில் ஒரு மரணத்துக்காவது அவர் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்ததில்லை. சொந்தத் தம்பிக்கும் அந்த மரபை மீறவில்லை.

வந்தவர் தம்பியின் கால்மாட்டில் முழங்காலிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். எழுந்ததும் காதைத் தீட்டிக் கேட்டார்.

"இன்னும் ஏன் மணி அடிக்கல?"

"நான்தான் அத்தான் சொல்லி அனுப்பல. மேரி வரட்டும். ஒரு மணிக்கு அடிக்கச் சொல்லலாம்."

"ஏம்மா, என்ன பேசுற? சாமியார் லால்குடி போயிட்டாரு. கடைசி நேரத்து அவஸ்தைப்பூசுதல்கூட இல்லாம போயிட்டான் எந்தம்பி. நன்மரண சபைத் தலைவர் வீட்டுச் சாவுக்கு மணிகூட இல்லைன்னா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேருக்கும் ஒரு மணிக்குச் சொல்லிக்கலாம்."

"புள்ளையக் கூட்டிட்டு வந்துரணும்மா. அப்பன் முகத்தைப் பாக்காம கணக்குப் போட்டுகிட்டு இருக்குன்னா பாவம் யாரைச் சேரும்? பரீட்சை எங்க ஓடிடப் போகுது? அடுத்த தடவை எழுதிக்கட்டும்."

லூர்துராணி அந்த வீட்டுக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் பெரிய அத்தானுக்கு எதிரே நிமிர்ந்து பேசியதில்லை. இப்போதும் நிமிரவில்லை. கணவரின் கால் கட்டைவிரல்களைத் துணிநாடாவால் சேர்த்துக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"அவ அப்பா இருந்தா அடுத்த தடவை எழுதலாம் அத்தான்."

சகாயநாதன் தொண்டையைச் செருமினார். அடுத்த தடவை என்றால் இனி யார் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு அவள் படிப்பாள் என்பது அவருக்கும் தெரியும். அவர் வீடு மன்னார்புரத்தில் பெரிய வீடு. அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"இருந்தாலும் ஒரு முறைன்னு இருக்குல்லம்மா?"

லூர்துராணி சமையலறைக் கதவைக் கை காட்டினாள். "உங்க தம்பி போட்ட உத்தரவு. அதையும் பாத்துடுங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்ப் படித்தார். கையெழுத்தும் தேதியும் உள்ள எந்தக் காகிதத்தையும் மதிக்கிற குடும்பம் அது. மூன்றாவது இனத்தை இரண்டு தரம் படித்தார்.

"இது இன்னும் அமல்ல இருக்கா?"

"பரீட்சை முடியற வரைக்கும்னு போட்டிருக்கு அத்தான்."

அவர் குரல் தானாகவே தணிந்துவிட்டது.

பதினோரு மணிக்கு நாத்தனார் ரோசரி வந்தாள். காட்டூர்ப் பக்கம் எந்த வீட்டில் சாவென்றாலும் ரோசரி வந்துவிட்டாளா என்றுதான் முதலில் கேட்பார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கூந்தலை அவிழ்த்திருந்தாள். கதவு திறந்ததும் வலது கை மார்புக்கு உயர்ந்தது. லூர்துராணி அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"ரோசரி, ஒரு மணிக்கு அழு."

"என்ன அண்ணி இது? அழுறதுக்கு டைம் டேபிளா?"

"மேரி கணக்கு எழுதுது."

"அதுக்கு? என் அண்ணன், என் கூடப் பொறந்த அண்ணன்..." குரல் மேலே ஏறத் தொடங்கியது.

"ரோசரி! இனம் இ," என்று உள்ளிருந்து சகாயநாதன் அதட்டினார்.

ரோசரி கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்தாள். அண்ணனின் கையெழுத்தைப் பார்த்ததும் கண்ணில் நீர் முட்டியது. சத்தமில்லாமல் வழியவிட்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். வாய்விட்டு அழுது பழகியவளுக்கு அது சிரமமாக இருந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள். "மெதுவா அழுதா அழுத மாதிரியே இல்ல அண்ணி," என்றாள்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. லூர்துராணி போய் அடுப்பை மூட்டினாள். புள்ள பசியோடு வரும்; ஒரு மணிக்குப் பிறகு அவளை யார் சாப்பிட விடுவார்கள்? அரிசியைக் களைந்து போட்டாள். காலையில் கிளமென்டுக்கென்று ஊற்றிய இட்லிகள் தொடாமல் இருந்தன. அதைப் பார்த்ததும் அவள் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு தட்டால் மூடி வைத்தாள்.

வாசனை வந்ததும் சகாயநாதன் சமையலறைப் பக்கம் வந்து நின்றார். சாவு வீட்டில் உலை கொதிப்பதைக் கண்டிக்கத்தான் வந்தார். காலையில் கனி வந்து சொன்னபோது இலையை விட்டுப் பாதியில் எழுந்து வந்திருந்தார்.

"யோசிச்சுப் பாத்தா ஒரு மணி வரைக்கும் இது துக்க வீடு இல்லையேம்மா," என்றார். நான்கு இட்லி சாப்பிட்டார். ரோசரி இரண்டு.

சாப்பிட்டதும் தெம்பு வந்தது. பதினொன்றரைக்கு, "கோயில்லேர்ந்து சபைத் துணியை எடுத்துட்டு வரேன்," என்று கிளம்பினார். சபைக்குச் சொந்தமான கறுப்பு வெல்வெட் துணி அது, சவப்பெட்டிமேல் போர்த்துவது. அவர் போன பிறகுதான் லூர்துராணிக்கு உறைத்தது. துணி மட்டுமா கோயிலில் இருக்கிறது? மணிக்கயிறும் அங்கேதான் தொங்குகிறது. தாளின் மதிப்பு வீட்டுக்குள்தான். வெளியே அவர் தலைவர்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். வடிவியல் கணக்கெல்லாம் கடைசியில்தான் எழுதுவேன் என்று சொல்லியிருந்தாள் மேரி. இப்போது கடைசிதான்.

சரியாக அந்த நேரத்தில் மணி விழுந்தது.

ரோசரி துள்ளி எழுந்து, "அய்யோ என் அண்ணே!" என்று ஆரம்பித்துவிட்டாள். லூர்துராணி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். இருவரும் அப்படியே நின்று எண்ணினார்கள். மூன்று அடி. நிறுத்தம். மூன்று அடி. நிறுத்தம். மறுபடி மூன்று.

"மத்தியான மணி. திரிகால ஜெபம்," என்றாள் லூர்துராணி, கையை எடுக்காமலே. மணி பன்னிரண்டு.

பொத்திய கைக்குள் ரோசரி ஏதோ சொன்னாள். எடுத்ததும், "என் உசிரே போயிருச்சு அண்ணி," என்றாள். சொல்லிவிட்டுக் கட்டிலைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டே காலுக்குச் சகாயநாதன் வெல்வெட் துணியும் கடுகடுத்த முகமுமாகத் திரும்பினார்.

"கோயில்ல மணி அடிக்கிறானே அடைக்கலராஜ், அவனுக்கு இருக்கிற திமிரைப் பாத்தியா?"

"நீங்க அடிக்கச் சொன்னீங்களா அத்தான்?"

"சொன்னேன்னு வச்சுக்கயேன். கயித்தை விட மாட்டேங்குறான். எம்பொண்ணும் உள்ள கணக்கு எழுதுது, துக்க மணி அடிச்சா ஹால்ல இருக்கிற அத்தனை புள்ளையும் பேனாவை வச்சிட்டு எங்க வீட்டுலதானோன்னு உக்காந்துரும், ஒரு மணிக்கு வாங்கங்குறான். நான் தலைவர்டான்னேன். நீங்க தலைவர், நான் தகப்பன்ங்குறான்."

லூர்துராணி அவர் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று முதல்முறையாக அவளுக்கு அழுகை வந்தது. அடக்கினாள்.

பன்னிரண்டரை ஆனது. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. லூர்துராணி கிளமென்டின் தலையைச் சீவிவிட்டு, மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள். என்ன சொல்வது என்று தயார் செய்து வைத்திருந்தாள். முதலில் கையைப் பிடிக்க வேண்டும். அப்பாவுக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போய்விட்டது என்று தொடங்க வேண்டும். மணி விழுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

பன்னிரண்டு நாற்பது. ஐம்பது. மற்ற பெண்கள் இரண்டிரண்டு பேராகத் தெருவைக் கடந்துபோனார்கள். மேரியைக் காணோம். கணக்கு வராமல் எங்காவது உட்கார்ந்து அழுகிறதோ? யாராவது சொல்லிவிட்டார்களோ? உள்ளே சகாயநாதன் சங்கிலிக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். ரோசரி கூந்தலை மறுபடியும் அவிழ்த்துத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மணிக்கு அடைக்கலராஜ் சொன்ன சொல் தவறாமல் அடித்தார். ஒரு அடி. அது ஓய்ந்து அடங்கியது. இன்னொரு அடி.

நான்காவது அடிக்குச் செல்வமேரி தெருமுனையில் தெரிந்தாள். ஓடிவந்தாள். ஜியோமெட்ரிப் பெட்டி கலகலவென்று குலுங்கியது. வாசலுக்கு வந்தவள் மூச்சு வாங்க நின்றாள்.

"மணி யாருக்கும்மா?"

மூன்றரை மணி நேரமாகத் தயார் செய்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட லூர்துராணிக்கு நினைவில்லை.

"எல்லாக் கணக்கும் போட்டியா?" என்றாள்.

"ஒண்ணுதாம்மா விட்டுட்டேன். மத்ததெல்லாம் வந்திருச்சு. அப்பா எங்க?"

லூர்துராணி வாசற்படியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

உள்ளே எல்லாரும் எழுந்து நின்றார்கள். தடை நீங்கிவிட்டதா இல்லையா என்பது தெளிவாகாததால் யாரும் முதலில் அழவில்லை. செல்வமேரி கட்டிலருகே போனாள். வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள், தாடைக்கட்டைப் பார்த்தாள், கால்மாட்டு மெழுகுவத்தியைப் பார்த்தாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை. நாக்கு மட்டும் தெரிந்தது. குச்சி ஐஸ் தின்றதில் அது ஆரஞ்சு நிறமாகியிருந்தது.