மிஸஸ் கான்ட்டுக்கு ஒரு கடிதம்

1912ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள ஹார்லன்ஸ் பெண்ட் ஊரின் தபால் நிலையத் தரை ஒரு கடிதத்தின் கனம் தாங்காமல் உடைந்தது. ஒற்றைத் தாள், ஓர் உறை, ஒரு தபால்தலை, அவ்வளவுதான். எழுதியவர் டாக்டர் லெமுவல் ரஃபின். வெள்ளையர் பருத்திக்காட்டில் விளைச்சல் பங்குக்கு உழுத கறுப்பரின் மகன்; நாஷ்வில் நகரம் போய் மருத்துவம் படித்துவிட்டு, வேறெங்கும் பிழைக்கப் போகாமல் பிடிவாதமாகத் திரும்பி வந்தவர். வெள்ளையர் ஆஸ்பத்திரி அவரையும் உள்ளே விடாது, அவருடைய நோயாளிகளையும் விடாது. அதனால் தன் வீட்டு முன்னறையையே அறுவைக்கூடமாக்கினார். தோட்டங்களில் கிடந்த நோயாளிகளுக்கு எப்போது வரவேண்டும், வரும்வரை என்ன சாப்பிட வேண்டும் என்றெல்லாம் கடிதம் எழுதுவார். கல்யாணமான பெண் என்றால் உறைமேல் மிஸஸ் என்று போடுவார்.

அதில் என்ன பெரிதாக இருக்கிறது என்று கேட்பவர்கள் அந்த ஊரில் வாழ்ந்தவர்கள் இல்லை. எங்கள் பெண்களுக்குப் பேரன் பேத்தி பிறந்தாலும் வெள்ளைக்காரப் பொடியன்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். கறுப்புப் பெண்ணின் பேருக்கு முன்னால் மிஸஸ் என்று கண்டால் அடிப்பதற்கென்றே தபால் அதிகாரி புரூயிட் ஒரு நீலப் பென்சில் வைத்திருந்தான். ஆகவே டாக்டரின் கடிதங்கள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வந்துபோகிறவர்கள் கைவழியாகவே போய்ச் சேர்ந்தன.

வெள்ளம் வந்ததும் அந்த வழி அடைபட்டது. தோட்டத்து ஆட்கள் தப்பி ஓடிவிடாமல் இருக்க ஆற்றங்கரை நெடுகத் துப்பாக்கிக்காரர்கள் நின்றார்கள். தபால் முத்திரை விழுந்த காகிதத்தைக் காட்டாத கறுப்பர் யாரும் இக்கரைக்கும் வரமுடியாது, அக்கரைக்கும் போகமுடியாது, டாக்டரும் அப்படித்தான். அக்கரைத் தோட்டத்தில் டெல்ஃபியா கான்ட் மார்பில் ஒரு கட்டியோடு இருந்தாள். இப்போதே அறுத்தெடுத்தால் பிழைப்பாள், பருத்தி பூக்கும்வரை விட்டால் பிழைக்கமாட்டாள். அவளிடம் போகக்கூடியது தபால் படகு ஒன்றுதான்.

டாக்டரின் மனைவி அல்மீரா, கத்திகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டே சொன்னாள்: “அந்த மிஸஸை விட்டுத் தொலைங்களேன். கட்டிக்கு மரியாதை தெரியுமா என்ன?”

“எங்கம்மா கல்லறைப் பலகையிலகூட வெறும் பேருதான் எழுதினானுங்க, அல்மீரா.”

“உங்கம்மா செத்துப்போயாச்சு. இவ இன்னும் உயிரோட இருக்கா.”

டாக்டர் பேனாவை எடுத்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக வெறும் பேரை எழுதி அனுப்பினார். படகுக்காரன் திரும்பி வந்து, தபால் நிலைய வாசலில் நின்று சிரித்துச் சிரித்துச் சொன்னான்: அந்தப் பொம்பளை உறையைப் பார்த்தாள், பிரிக்காமலே அடுப்பில் போட்டாள். டாக்டருக்கு உடனே புரிந்தது. வெறும் டெல்ஃபியா என்று அவளைக் கூப்பிடுகிறவர்கள் தோட்டத்துக்காரர்கள்தான், அவர்கள் கூப்பிட்டால் அது வேலைக்குத்தான். டாக்டர் அனுப்பியது என்று அவள் எப்படி நினைப்பாள்?

அன்றே மறுபடி எழுதினார். இந்தமுறை மிஸஸ் டெல்ஃபியா கான்ட் என்று, மை உறையில் அழுந்த. புரூயிட் நீலப் பென்சிலால் மிஸஸை அடித்தான். அடித்த மாத்திரத்தில் கடிதம் கனக்கத் தொடங்கியது. மேசையின் கால் ஒடிந்தது, பிறகு பலகைத் தரை உடைந்தது. மற்றக் கடிதங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அது ஈர மண்ணில் இறங்கியது. கட்டடம் ஆற்றுப்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. படகுத்துறையில் பருத்திப் பொதி சுமக்கிற எங்கள் ஆட்களை, கடிதத்தைத் தூக்க புரூயிட் கூப்பிட்டான். அவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குழியை எட்டிப் பார்த்தார்கள்.

“பருத்தின்னா தூக்கிடுவோங்கய்யா,” என்றான் அவர்களில் மூத்தவன் ஐசம், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். “இது யாரோ வீட்டு அம்மா போலிருக்கு. நாங்க தொடலாங்களா?”

டாக்டர் தினமும் காலையில் தபால் நிலைய வாசலுக்கு வந்து நிற்பார். கெஞ்சவில்லை. கடிதம் போயிற்றா என்று மட்டும் கேட்பார், போகவில்லை என்றதும் திரும்பிப் போய் முன்னறையைக் கழுவிவைப்பார். ஆற்றுநீர் வாசற்படியைத் தொட்டது. தங்கள் வியாபாரக் கடிதங்களெல்லாம் குழியில் கிடக்க, வெள்ளைக்காரப் பெரியமனிதர்கள் புரூயிட்டைப் பிடித்து உலுக்கினார்கள். அவன் பென்சில் கோட்டை அழித்துப் பார்த்தான், கனம் குறையவில்லை. கடைசியில் குழிக்குள் குப்புறப் படுத்து, தன் பேனாவால், தன் கையெழுத்தில், மிஸஸ் என்று எழுதினான். கடிதம் காற்றில் உமிபோல எழும்பி அவன் மூக்கருகே நின்றது. அதைப் பிடித்து முத்திரை குத்தினான்.

மிஸஸ் கான்ட் உறையைப் பார்த்தாள், பிரித்தாள், முத்திரை விழுந்த அந்த உறையைத் துப்பாக்கிக்காரர்கள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். தாமதத்தில் கட்டி வளர்ந்திருந்தது. கட்டியை மட்டும் எடுக்க நினைத்த டாக்டர் மார்பையே எடுக்கவேண்டி வந்தது. அந்தத் தாமதத்துக்கு யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பிழைத்தாள். டாக்டரைவிட அதிக காலம் வாழ்ந்தாள்.

தபால் நிலையம் இன்னும் ஆற்றுப்பக்கம் சாய்ந்தேதான் நிற்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நாற்காலியின் இரண்டு கால்களுக்கடியில் செங்கல் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, உறைமேல் உள்ளதை உள்ளபடி வாசித்து, எங்கள் பெண்களைக் கூப்பிட்டுக் கடிதம் கொடுக்கிறார்கள். நீலப் பென்சில் கேட்டால், இங்கே அது கிடையாது என்கிறார்கள்.