மேலும் படிக்க

என் மகளுக்கு மூன்று வாரமாகக் கடைவாய்ப் பல் வலி என்பதை, அவள் வேறொருத்திக்கு எழுதியதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஏஞ்சலின் குளிக்கப் போயிருந்தாள். அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற லேப்டாப் திறந்தபடி கிடந்தது. மேலே பிரிஸ்கில்லா என்று பெயர். 'இடது பக்கம் மெல்லவே முடியலக்கா. அம்மாகிட்ட சொன்னா நூறு கேள்வி கேப்பாங்க. ஒண்ணுக்குப் பதில் யோசிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்துரும்.' அப்படியே நீண்டு போய்க் கீழே 'மேலும் படிக்க' என்று நின்றது. மேலும் படிக்க வேண்டுமாம்! அந்த மூன்று வாரமும், பிடிக்குமே என்று முறுக்கு சுட்டு டப்பாவை நிரப்பியவள் நான். தின்னாமல் கிடக்கிறதே என்று திட்டியவளும் நான்தான்.

எனக்கு அவளிடமிருந்து வருவது 'ம்'. நல்ல நாளாக இருந்தால் 'சரி'. அவளுடைய பத்தொன்பது வயதில் மதுரை டாக்டர் ஒருவர் ஆட்டிசம் என்றார். "பேசத் தெரியாம இல்லம்மா. எதிர்ல ஆள் நின்னா பேசுறது அவளுக்குப் பெரும்பாடு," என்றார். நான் இருபது வருடமாகத் திண்டுக்கல் ஜவுளிக்கடையில் சேலை விற்கிறவள். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவளை இரண்டு பட்டு எடுக்க வைக்கிற வாய் இது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இதில் பாதி அவளுக்கு வரவில்லையே என்று மாதா முன்னால் அழுதிருக்கிறேன். யாரிடமும் பேசமாட்டாள், அதனால் என்னிடமும் பேசவில்லை என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் ஊராரிடம் பக்கம் பக்கமாகப் போகிறது, எனக்குத்தான் 'ம்'. வயிறு எரிந்தது. புருசன் இன்னொரு வீடு வைத்திருந்தால்கூட இப்படி எரிந்திருக்காது.

ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. போன மாதம் ஏஞ்சலின் பெயருக்கு ஒரு பெட்டி மலைவாழைப்பழம் வந்தது. அனுப்பியவர் பிரிஸ்கில்லா, பழையூர், சிறுமலை. கூட வேலை பார்க்கிறவள் போல என்று நானும் நாலு பழம் தின்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மலை பஸ் ஏறினேன். கேட்க வேண்டியதையெல்லாம் வழிநெடுக அடுக்கிக்கொண்டே போனேன்.

நாற்பது வயதிருக்கும் அவளுக்கு. வாசலில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீதான் பிரிஸ்கில்லாவா? நான் ஏஞ்சலினோட அம்மா. பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கையில, நீ யாருடி எம் புள்ளைக்கு?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்தாள். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"கேக்குறேன்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

கைகளைப் பிசைந்தாள். பிறகு காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து எழுதிச் செம்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளறைக்குள் போய்விட்டாள். ஒரு செல் நம்பர். அதற்குக் கீழே, 'எழுதுங்கக்கா, பதில் சொல்றேன். பேச்சு எனக்கும் வராது.'

அடிப்பாவி, இவளும் அப்படித்தானா! ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். எழுந்து போகலாமென்றால் அடுத்த பஸ் மூன்று மணிக்குத்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தேன். கொண்டுவந்த வசவில் பாதி விரலுக்கு வரவில்லை. 'எம் மகள எங்கிட்டருந்து ஏன் பிரிக்கிற.' இதற்கே பத்து நிமிடம்.

உள்ளேயிருந்து உடனே பதில் வந்தது. 'பிரிக்கலக்கா. ரெண்டு வருசமா எழுதிக்கிறோம். நேர்ல பாத்ததே இல்ல. பாத்தா ரெண்டு பேரும் பேசமாட்டோம்.'

'என்ன எழுதுவா'

'அத நான் சொல்லக் கூடாதுக்கா. அவகிட்ட எழுதிக் கேளுங்க.'

சொல்ல மாட்டாளாம். என் மகள் சொன்னதை என்னிடமே சொல்ல மாட்டாளாம். 'நான் தினம் அனுப்பிக்கிட்டுதான் இருக்கேன்' என்று அடித்தேன்.

'வாய்ஸ் மெசேஜ்தானக்கா அனுப்புறீங்க. அதுவும் பேச்சுதான. அவ கேட்டிருந்தா மைக் நீலமா மாறியிருக்கும், பாருங்க.'

பார்த்தேன். காலையில் கடைக்குள் நுழைந்ததும் ஒன்று, மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, மூன்று நிமிடம், நாலு நிமிடம். விரலால் தள்ளத் தள்ள என் பேச்சாகவே வந்தது. ஒரு மைக்கூட நீலமில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே 'ம்'. கழுதை, கேட்காமலே 'ம்' போட்டிருக்கிறாள்.

கிளம்பும்போது அவள் அறையை விட்டு வரவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை. வாசலில் ஒரு சீப்புப் பழம் பையில் கட்டி வைத்திருந்தது. எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் பல் வலிக்கிறவள் வேறென்ன தின்பாள்?

பஸ் மலையிறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பக்கத்துச் சீட்டுக்காரி மேல் சாய்ந்துகொண்டே எழுதினேன். 'உன் லேப்டாப்ப பாத்துட்டேன். தப்புதான். பல் வலி தெரியும். இனிமே முறுக்கு சுடல. கேள்வி கேக்கல. நீயா எனக்கு எழுது.' கடைசி வரியை அழித்தேன், மறுபடி எழுதினேன். அனுப்பினால் போகவில்லை. கடிகாரச் சின்னம் மட்டும் நின்றது. லேப்டாப்பைத் தொட்டதற்காக அந்த 'ம்' கூட இனி வராமல் போய்விட்டால்? அடுத்த வளைவுக்குச் சிக்னல் வந்து, போய், மறுபடி வந்தது. அவள் டைப் செய்கிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. அடிவாரம் வந்தது, ஊர் வந்தது, இன்னும் காட்டிக்கொண்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது வந்தது. 'அம்மா,' என்று தொடங்கித் திரை முழுக்க எழுத்து. தள்ளினேன், தள்ளினேன், முடியவில்லை. பிரிஸ்கில்லாவுக்கு எழுதியதைவிட இது நீளமா, குறைவா? அதைத்தான் முதலில் பார்த்தேன், என் புத்தி அப்படி.

"எக்கா, எறங்கலையா?" என்றாள் பக்கத்துச் சீட்டுக்காரி.

"செத்த இருத்தா," என்றேன். கீழே 'மேலும் படிக்க' என்றிருந்தது. மடியில் பழப்பை. கட்டைவிரலைச் சேலையில் துடைத்தேன்.